ஸ்டிக்கர் வேண்டாம் என்றேன்

ஆவணி 6, ஞாயிறு

இன்று என் வீட்டில் இருந்தவர்கள்: மகன் சம்பத்து, மருமகள் கோமளா, பேத்தி தாரிகா, அடுத்த வீட்டு ஜெசிந்தா, வாடகை வாங்குகிற வீட்டுக்காரி பூவாத்தாள், சோப்புக் கம்பெனியிலிருந்து வந்த பிரேமலதா. என்னோடு ஏழு பேர். பூவாத்தாள் உள்ளே வரவில்லை, வாசற்படியில்தான் நின்றாள். நின்றாலும் இருந்தவள்தான். நாளைக்கு ‘நான் அங்கே இல்லவே இல்லை’ என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக முதலில் பெயர்களை எழுதிவிட்டேன். என் கல்யாணப் பந்தியில் என் இலைக்கு மட்டும் இனிப்பு வைக்காமல் தாண்டிப் போனவன் பெயர் எனக்கு இன்றும் தெரியும். அவன் கேட்டால் மறந்துவிட்டது என்பான்.

பேசி முடித்தது இதுதான். சம்பத்து என்னைப் பெங்களூருக்கு வந்துவிடு என்கிறான். நான் மாட்டேன் என்கிறேன். திருப்பூரில் இந்த லைன் வீட்டுக்கு நான் வந்து இருபத்தாறு வருஷம். சித்திரை மாதத்தோடு பனியன் கம்பெனி வேலை நின்றுவிட்டது. நான் செக்கிங்கில் இருந்தேன். துணியில் ஓட்டை, அழுக்கு, நூல் விட்டது எல்லாம் பார்த்துப் பிரித்துப் போடுகிற வேலை. ஓட்டைத் துணியை நல்லதோடு போட்டுவிட்டேன் என்று சூப்பர்வைசர் கனகராசு இனி வரவேண்டாம் என்றான். அந்த டியூப்லைட்டை மாற்று என்று நான் அவனிடம் நாலு தடவை சொல்லியிருந்தேன்.

இப்போது நான் ‘நித்தியகமலம் ஹோம்கேர்’ கம்பெனிக்கு நேரடி விற்பனை கன்சல்டன்ட். வீடு வீடாகப் போய் தலைக்குத் தேய்க்கிற அரப்பு திரவம், பாத்திரம் கழுவுகிற திரவம், சோப்பு, பல்பொடி எல்லாம் விற்கவேண்டும். பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் வாங்கி, தீர்ந்து, இரண்டாவது தடவையும் வாங்கினால் என் பெயர் அச்சடித்த அட்டை வரும்.

“தீபாவளி வரைக்கும் பாரும்மா” என்றான் சம்பத்து. “பன்னெண்டு வீடு சேந்துச்சுன்னா நீ இங்கயே இரு. நான் வாயத் தெறக்கல. சேரலீன்னா சட்டி பானையக் கட்டு.”

“எழுதிக் குடு” என்றேன்.

“பெத்த மகங்கிட்டயே எழுதி வாங்குவியா?”

“பெத்ததாலதான் கேக்கறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். கோமளா மட்டும் சிரிக்கவில்லை. பாவம், அவளுக்கு நான் வந்தாலும் கஷ்டம், வராவிட்டாலும் கஷ்டம்.

பிறகு தொழில் சாமான் வாங்குகிற லிஸ்டை ஜெசிந்தா வாசித்தாள். விற்கிற பொருளுக்கு ஒரு லிஸ்ட், விற்பதற்கு வேண்டிய சாமானுக்கு வேறு லிஸ்ட். ஒரே தடவைதான் வாசித்தாள். எனக்கு ஏறிவிட்டது. நாலாவது வரைதான் படித்தேன், ஆனால் காதில் விழுந்தது எனக்கு வெளியே போகாது. நாற்பத்தைந்து சாமானையும் நம்பரோடு திருப்பிச் சொன்னேன். பிரேமலதா வாயைப் பிளந்தாள்.

நான் சொல்லச் சொல்ல அவள் ஆர்டர் எழுதினாள். கேட்லாக் இருபத்தைந்து. ஆர்டர் புத்தகம் இரண்டு. சாம்பிள் ஊற்றிக் கொடுக்கக் காலி பாட்டில் நூறு. புனல் ஒன்று. தோள்பை ஒன்று.

“ஸ்டிக்கருங்க? நாப்பத்தி ஒண்ணாம் நம்பர். பாட்டில்ல ஒட்டறதுக்கு” என்றாள் பிரேமலதா.

“ஸ்டிக்கர் வேண்டாம்.”

“ஒட்டாமக் குடுத்தா எது எதுன்னு எப்படீங்கம்மா தெரியும்?”

“எனக்குத் தெரியும். எறும்பு மாதிரி எழுத்தை அடிச்சு வெச்சுப்போட்டு அதுக்கு ஒரு காசு. நான் பனியன் நூலக் கட்டிக்கறேன். கருநீலம்னா அரப்பு, கறுப்புன்னா பாத்திரம்.”

இந்த டைரி கம்பெனி கொடுத்தது. கோடுகளை ரொம்ப நெருக்கிப் போட்டிருக்கிறார்கள். நான் மூன்று கோட்டுக்கு ஒரு வரி எழுதுகிறேன்.

ஆவணி 11, வெள்ளி

பார்சல் வந்தது. பெட்டியைத் திறந்ததும் புது பிளாஸ்டிக் வாசனை. அறுபத்தேழு வயதில் என் பெயருக்கு வந்த முதல் பார்சல். இதற்கு முன் என் பெயருக்கு வந்ததெல்லாம் கரண்ட் பில்தான், அதுவும் அவர் போன பிறகு. கொண்டுவந்த பையனுக்கு மோர் கொடுத்தேன். நன்றாக இருக்கட்டும்.

ஆவணி 12, சனி

பாட்டில் எண்பது நிரப்பினேன். நாற்பது அரப்பு, நாற்பது பாத்திரம். இரண்டும் பச்சை, இரண்டுக்கும் அதே எலுமிச்சம்புல் வாசனை. நூல் கட்டி முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. இந்த வீட்டு வெளிச்சம் பற்றாது. பூவாத்தாளிடம் பல்பு மாற்றச் சொல்லவேண்டும்.

ஆவணி 16, புதன்

இருபத்திரண்டு வீடு ஏறி இறங்கினேன். கால் வலி தெரியவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் கேட்லாக்கை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, ‘பக்கத்தைத் திருப்புங்க, நான் சொல்றேன்’ என்று, ஜெசிந்தா முன்பே வாசித்துக் காட்டியதைப் பாராமலே ஒப்பித்தேன். கூட்டம் கூடிவிட்டது. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சாம்பிள் வாங்கிக்கொண்டார்கள்.

இட்லிக்கடை சுலோச்சனா, “ஏனாத்தா, இத்தன நாபகத்த வெச்சுக்கிட்டு யாரு யாரு என்ன சொன்னாங்கன்னு மனசுலயே வெச்சிருப்பியே” என்றாள்.

“உன் மாமியா செத்த அன்னிக்கு நீ கட்டியிருந்த சேலைகூட நாபகம் இருக்குது. புதுச் சேலை” என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் முதல் ஆர்டர் அவள்தான் போட்டாள். மூன்று பாட்டில் அரப்பு, ஒன்று நாத்தனாருக்கு.

இரண்டாவது தெருவில் வத்சலா டீச்சர் வீடு. ரிடையர் ஆனவர். நாற்காலி போட்டு உட்கார வைத்து, காப்பி கொடுத்து, நான் ஒப்பித்ததைக் கடைசிவரை கேட்டார்.

“முப்பது வருஷத்துல என் கிளாஸ்ல இப்படி ஒரு பிள்ளை வந்ததில்லைங்கம்மா” என்றார்.

எனக்கு நெஞ்சு நிறைந்துபோய்விட்டது. நாலாவதோடு நிறுத்தியவளுக்கு இந்த வயதில் ஒரு டீச்சர் வாயால் இப்படி ஒரு சொல். வரும் வழியில் பிள்ளையாருக்குச் சூடம் கொளுத்தினேன்.

ஆவணி 20, ஞாயிறு

ஆர்டர் வந்துகொண்டே இருக்கிறது. ஜெசிந்தா மீன் குழம்பு கொடுத்தாள். எழுத வேறொன்றுமில்லை. எல்லாம் நல்லதுதான்.

ஆவணி 24, வியாழன்

காலையில் சுலோச்சனா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். காளி வந்த மாதிரி இருந்தது.

“ஏனாத்தா, உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? இது அரப்பா? தடவிப் பாரு, தடவு! சீப்பு எறங்க மாட்டேங்குது. பித்தளச் சொம்பாட்டம் கீச்சு கீச்சுங்குது தல!”

“நீ எத்தன ஊத்துன?”

“ஊத்தறது நானு ஊத்துனேன், குடுத்தது ஆரு? பாத்திரம் வெளக்கற தண்ணிய என் தலைக்குக் குடுத்துப்போட்டு நாயம் பேசறயா?”

லைனில் இருந்த அத்தனை வீடும் வெளியே வந்துவிட்டது. பூவாத்தாள் முதல் ஆள். நான் சும்மா விடவில்லை, “நூலப் பாத்தியா, கருநீல நூலு கட்டியிருந்துச்சா இல்லியா?” என்று கேட்டேன். சுலோச்சனா இடுப்பிலிருந்து பாட்டிலை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

ஜெசிந்தா அதை வாங்கிப் பார்த்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, டெய்லர். என் வீட்டுக்குள் போய் மீதி பாட்டில்களையும் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பாட்டிலை நீட்டினாள்.

“ஆச்சி, இது என்ன கலரு சொல்லுங்க பாப்பம்.”

“கருநீலம்.”

“இது?”

“அதுவுங் கருநீலந்தான். என்னய சோதிக்கறயா?”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, “நூலு சாயம் போயிருக்கும் ஆச்சி” என்றாள். அப்படித்தான் இருக்கும். இப்போதெல்லாம் சாயம் நிற்பதில்லை.

மத்தியானத்துக்குமேல் இரண்டு பேரும் வீடு வீடாகப் போய் மாற்றிக் கொடுத்தோம். எட்டு வீட்டில் தப்பு. ஏழு வீட்டில் வசவு. ஒரு வீட்டில் சிரித்தார்கள், அவர்கள் பாத்திரத்தை அரப்பில் கழுவியிருக்கிறார்கள். வத்சலா டீச்சரிடமும் கேட்டேன். “எனக்குச் சரியாத்தான் வந்ததும்மா, நல்லா இருந்தது” என்றார். நல்ல மனுஷி. இன்று நல்ல வார்த்தை சொன்ன வீடு அது ஒன்றுதான்.

புரட்டாசி 3, ஞாயிறு

சம்பத்து போன் செய்தான். எத்தனை வீடு என்றான். இரண்டாவது தடவை வாங்கியது நாலு என்றேன். “கண்ணு எப்படிம்மா இருக்குது?” என்றான். யாரோ சொல்லியிருக்கிறார்கள். “உன்னைப் பெத்த கண்ணு, நல்லாத்தான் இருக்குது” என்று வைத்துவிட்டேன்.

இரண்டாவது சாமான் ஆர்டர் போட்டோம். காலி பாட்டில் ஐம்பது, ஆர்டர் புத்தகம் ஒன்று, நாற்பத்தி ஒன்றாம் நம்பர் ஸ்டிக்கர் இரண்டு கட்டு. பிரேமலதா போனில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததற்கு அவளுக்குப் புண்ணியம்.

நூலை விடவில்லை. முடிச்சுப் போடுகிறேன். அரப்புக்கு ஒரு முடிச்சு, பாத்திரத்துக்கு இரண்டு. விரலுக்கு வெளிச்சம் வேண்டாம்.

புரட்டாசி 8, வெள்ளி

கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் கண் முகாம். ஜெசிந்தாவுக்குக் கண்ணில் எரிச்சலாம். துணைக்கு வா என்றாள். நர்சுகளுக்கு அரப்பு விற்கலாமே என்று பையை மாட்டிக்கொண்டு போனேன்.

புரட்டாசி 9, சனி

பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். ஜெசிந்தாவை அல்ல.

புரட்டாசி 14, வியாழன்

நாலு நாள் எழுதவில்லை. எழுதக்கூடாது என்றார்கள். ஜெசிந்தா மூன்று ஷிப்டு விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருந்தாள். பூவாத்தாள் ரசம் கொண்டுவந்தாள், உப்பு இல்லாமல். மகனிடம் சொல்லக்கூடாது என்று இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கினேன்.

டாக்டர் சின்னப் பெண். என் கண்ணைத் தொட்டவள் கைக்கு வளையல் போட வேண்டும். எனக்கு முடிந்தது அரப்பு இரண்டு பாட்டில், இனாம்.

புரட்டாசி 21, வியாழன்

ஜெசிந்தாவுக்குக் காதோரம் நரைத்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று கேட்டேன். “அது ஆகிப்போச்சு ஆச்சி மூணு வருசம்” என்றாள்.

பூவாத்தாள் நல்ல பல்பாக மாட்டிவிட்டாள் போலிருக்கிறது என்று அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். “பல்பா? நாம் பல்பு மாத்தி வருசம் ரெண்டாச்சு” என்றாள். பார்க்கலாம் என்று நூல் மூட்டையைப் பிரித்தேன். கருநீலம் கருநீலமாக இருந்தது. கறுப்பு கறுப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் அழுதேன். சொட்டு மருந்து போட்ட கண்ணில் அழக்கூடாதாம்.

இன்றிலிருந்து ஒரு கோட்டுக்கு ஒரு வரி.

ஐப்பசி 2

பதினொரு வீடு இரண்டாவது தடவையும் வாங்கிவிட்டார்கள். பன்னிரண்டாவது வத்சலா டீச்சர். இரண்டு தடவை என்ன, அவர் நாலு தடவை வாங்கியாகிவிட்டது. இன்று ஆர்டர் புத்தகத்தில் அவர் கையெழுத்து வாங்கினால் கணக்கு முடிந்தது. தீபாவளிக்கு இன்னும் ஐந்து நாள். சந்தோஷமாகப் போனேன்.

டீச்சர் போனில் பேசிக்கொண்டிருந்தார். பாட்டிலைச் சமையலறை அலமாரியில் வைத்துவிடுங்கள் என்று கையைக் காட்டினார். அலமாரியைத் திறந்தேன்.

பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒன்றும் திறக்கவில்லை. மூடியில் ஒட்டுக்கூடக் கிழியவில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் நான் ஆவணியில் கொடுத்த முதல் சாம்பிள், கழுத்துவரை நிறைந்து இருந்தது. அரப்பு என்று சொல்லிக் கொடுத்தது. நூல் கறுப்பு.

டீச்சர் வந்தார். என் கை அலமாரிக் கதவில் இருப்பதைப் பார்த்தார்.

“இது தப்பா வந்துச்சுன்னு ஏனுங்க டீச்சர் சொல்லல?” என்றேன்.

“விடுங்கம்மா. கண்ணு தெரியாம இந்த வயசுல அலையறீங்க. உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்.”

“நீங்க தேய்ச்சுக் குளிக்கறதில்லீங்களா?”

“எனக்கு வெளிநாட்டு ஷாம்பூதான் ஒத்துக்கும். இருக்கட்டும், ஒரு உதவிதானே. தெருவுல நாலு பேர்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். பாவம், அந்தக் கிழவி எது கொண்டாந்தாலும் வாங்கிக்குங்க, குறை சொல்லாதீங்கன்னு.”

சிரித்த முகமாகத்தான் சொன்னார். நல்லது சொல்கிற முகம்.

நான் பாட்டில் அத்தனையையும் பையில் போட்டேன். வாங்கிய பணத்தை மேஜைமேல் வைத்தேன். ஆர்டர் புத்தகத்தில் அவர் பெயர் இருந்த நாலு இடத்தையும் அங்கேயே அடித்தேன். “கோவமாம்மா?” என்றார். செருப்பு போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பதினொன்று.

அதுவும் பதினொன்றுதானா என்று தெரியவில்லை.

ஐப்பசி 3

பதினொரு வீட்டுக்கும் போனேன். ஒரே கேள்விதான். டீச்சர் சொல்லி வாங்கினீர்களா, தீர்ந்துபோய் வாங்கினீர்களா? காலி பாட்டிலைக் காட்டுங்கள் என்றேன். எங்காவது நிறைந்த பாட்டிலைக் கண்டால் அந்தப் பெயரையும் அடித்துவிட்டு, சட்டி பானையைக் கட்டிவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் போனேன்.

முதல் வீட்டில் காலி பாட்டிலில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றி வைத்திருந்தார்கள். இரண்டாவது வீட்டில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக் கடைசிச் சொட்டு இறங்கக் காத்திருந்தார்கள். மூன்றாவது வீட்டில் பாட்டிலைக் காணோம், குழந்தை தூக்கிப் போட்டுவிட்டது என்றார்கள். குழந்தையின் தலையை மோந்து பார்த்தேன். எலுமிச்சம்புல்.

கடைசியாகச் சுலோச்சனா கடை. சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சரு உங்கிட்டயும் சொன்னாங்களா? பாவம், வாங்குன்னு?”

“சொன்னாங்க.”

“அதுக்குத்தான் வாங்குனியா?”

கிரைண்டரை நிறுத்தினாள். “பாவமா? உம்மேலயா? என்ர தலையில சோப்பத் தேச்சுவுட்டுப்போட்டு நாயம் பேசுனவ மேல எவ பாவம் பாப்பா? அரப்பு நல்லா இருந்துச்சு, முடி கொட்டறது நின்னுச்சு, வாங்குனேன். இன்னொருக்கா மாத்திக் குடுத்துப் பாரு, அலகைத் திருப்பிவுட்டர்றேன்.”

என் வாழ்நாளில் இப்படிக் குளிரக் குளிர யாரும் என்னை வைததில்லை. இரண்டு இட்லி கேட்டு வாங்கி அங்கேயே நின்று தின்றேன்.

பதினொன்று. சுத்தமான பதினொன்று.

ஐப்பசி 6

சம்பத்து வந்துவிட்டான். பையைக்கூட இறக்கவில்லை.

“எத்தனைம்மா?”

“பதினொண்ணு.”

பன்னிரண்டு என்று சொல்லியிருக்கலாம். டீச்சர் பெயரை நான் அடித்தது டீச்சருக்கும் எனக்கும் புத்தகத்துக்கும்தான் தெரியும். ஆனாலும் பதினொன்று என்றேன். சட்டி பானையைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். அப்படியே அவன் பார்வை ஜன்னலில் இருந்த சொட்டு மருந்துக்குப் போனது. எடுத்து வாசித்தான். கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

“ஆபரேசன் பண்ணிக்கிட்டியா? எப்பம்மா?”

“புரட்டாசில.”

“ரெண்டு வருசமா இதுக்குத்தானேம்மா கூப்பிட்டுட்டு இருக்கறேன்! அங்க வந்தா காட்டிப்போடலாம்னு.”

“பெங்களூருன்னுதானே சொன்ன? கண்ணுன்னு எங்க சொன்ன?”

“கண்ணுன்னு சொல்லியிருந்தா நீ போனையே எடுத்திருக்க மாட்ட.”

அது உண்மை.

அப்போதுதான் வாசலில் சுலோச்சனா குரல். “ஆத்தா! எங்க நாத்துனாளுக்கு அந்த ஒரு பாட்டலு தீந்துபோச்சாமா. என்ர உசுர எடுக்கறா. தீபாவளிக்கு எண்ணெய் தேச்சுக் குளிக்கோணுமாமா. வந்து குடுத்துத் தொலை!”

நான் சம்பத்தைப் பார்த்தேன். “அந்த நாத்துனா வீடு வேற அடுப்பு, வேற ரேஷன் கார்டு” என்றேன்.

அவன் சிரித்த சிரிப்பில் ஜெசிந்தா ஓடிவந்துவிட்டாள். பையை அவனே தோளில் மாட்டிக்கொண்டான். அம்மாவும் மகனுமாக நடந்து போய்ப் பன்னிரண்டாவது வீட்டில் பாட்டிலைக் கொடுத்தோம். ஒரு முடிச்சு, கருநீல நூல், நான் என் கண்ணால் வாசித்து ஒட்டிய ஸ்டிக்கர். மூன்றும் இருந்தது.

ஐப்பசி 19

அட்டை வந்தது. ‘கி. நாச்சாத்தாள், கன்சல்டன்ட்’. கண்ணாடி இல்லாமல் வாசித்தேன். லைன் முழுக்கக் காட்டினேன்.

படுக்குமுன் நன்றி சொல்லவேண்டியவர்களை மனதில் ஓட்டிப் பார்த்தேன். ஜெசிந்தா. பூவாத்தாள், உப்பில்லாத ரசத்தோடு சேர்த்து. காசு கேட்காமல் கண்ணைத் திருப்பிக் கொடுத்த அந்த டாக்டர் பெண். சுலோச்சனாவும் அவள் வாயும். என்னை வைத ஏழு வீடும், சிரித்த ஒரு வீடும். வைதவர்கள் எல்லோரும் நான் செய்தது தப்பு என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். அதனால்தான் நான் திருத்திக்கொண்டேன்.

இன்று டீச்சர் ஆள் விட்டிருந்தார். பழையபடி மாதம் இரண்டு பாட்டில் வாங்கிக்கொள்கிறாராம், கோபத்தை விட்டுவிட வேண்டுமாம். நல்லவர்தான், ஊரே சொல்கிறது. ஜெசிந்தாகூட, “போட்டும் ஆச்சி, நல்ல மனசுலதானே செஞ்சாவ” என்கிறாள். நல்ல மனசாகத்தான் இருக்கட்டும். என் சரக்கைத் திறந்துகூடப் பார்க்காமல் அலமாரியில் அடுக்கிவைத்து, நல்லா இருந்தது என்று என்னிடம் சொன்ன மனசு அது.

ஸ்டாக் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். கட்டிலுக்கடியில் நாற்பது பாட்டில் இருக்கிறது.

யாரை வேண்டுமானாலும் மன்னிப்பேன். வத்சலா டீச்சரை மாட்டேன்.